ஈயமும் செம்பும்

மான் வேட்டைக்குரிய சன்னத்தைத் தெரிவு செய்வது எப்படி என்பதைப் பற்றி நாம் எழுதப் புகுந்தமை வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். வேட்டை எமது தொழிலன்று. துவக்கைத் தோளில் வைத்துக் குறி பார்த்த அனுபவமும் எமக்கில்லை. ஆயினும், ஒரு பொருள் எவ்வாறு செய்யப்படுகின்றது, அதனை யார் செய்கின்றார், யார் விற்கின்றார், அதன் விளைவை ஈற்றில் யார் உண்கின்றார் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டு போனால், எந்தச் சிறு பொருளும் சமுதாயத்தின் நடுவீட்டுக்கே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பத்துக் கிராம் நிறையுள்ள ஒரு சன்னம் எம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மவர் பேச்சில் குண்டு, தோட்டா, வெடி என்பன ஒன்றுக்கொன்று மாறி வழங்குகின்றன. தோட்டா என்பது நான்கு உறுப்புக்களின் தொகுதி. வெளியே பித்தளைக் கோது, அதன் அடியிலே பதிக்கப்பட்ட பிரைமர் என்னும் சிறு தீமூட்டி, கோதினுள்ளே மருந்து, கோதின் வாயில் இறுக்கி வைக்கப்பட்ட சன்னம். விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைத் தாக்குகின்றது. அதன் பொறி மருந்தை எரிக்கின்றது. எரிந்த வாயு சன்னத்தைக் குழல் வழியே தள்ளுகின்றது. மருந்து எரிந்து தீர்கின்றது, பிரைமர் தன் வேலையை முடித்துவிடுகின்றது, சன்னம் போனது போனதுதான். எஞ்சுவது கோது. உறுப்புக்களைத் தனித்தனியே விலைபேசினால் பெரும்பாலும் இந்தக் கோதே கூடிய விலையுடையது. அதனையோ கவனமாகக் கையாண்டால் ஐந்தாறு முறையேனும் மீண்டும் நிரப்பலாம். வெறுங்கோதை எறிய மனமில்லாத சிக்கனக்காரரே தம் கையால் தோட்டா நிரப்பும் வழக்கத்துக்கு உரியவர்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, எமது தமக்கையாரின் மகன் வீட்டில் இரண்டு இலையுதிர் காலங்களைக் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. நவம்பர் மாதத்தில், நன்றி கூறும் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, அங்கே றைபிள் கொண்டு மான் வேட்டையாடும் ஒன்பது நாட் பருவம் தொடங்குகின்றது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுமதிப் பத்திரம் பெற்று, ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்கச் சட்டம் விதித்த கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலங்கி அணிந்து, காட்டுக்குட் புகுகின்றனர். லொறிச் சாரதியும், பால்மாட்டுப் பண்ணைக்காரரும், பாடசாலை ஆசிரியையும், பற்பொருத்தும் வைத்தியரும் அங்கே ஒரே உடையில் நிற்பதைக் கண்டோம்.

இது ஒரு சிறிய செய்தியன்று. இங்கிலாந்தில் மான் அரசனுக்கும் நிலப்பிரபுவுக்கும் உரிய பிராணியாயிருந்தது. 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், முகத்திற் கரி பூசி ஆயுதத்தோடு மான் திருடச் சென்றவனைத் தூக்கிலிட வகை செய்தது. அதன் வர்க்கப் பின்னணியை ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அத்தகைய நாடுகளிலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததியார், காட்டு மான் எவனுடைய சொத்துமன்று, பொதுமக்களுக்காக மாநிலம் காத்துவைக்கும் பொருள் என்னும் கோட்பாட்டைப் போற்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் காடு யாரிடமிருந்து வந்தது என்பதையும் உடன் கேட்க வேண்டும். விஸ்கொன்சினின் வடபகுதி ஒஜிப்வே மக்களுடையது. 1837, 1842ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் நிலத்தைக் கொடுத்த அம்மக்கள், அந்நிலத்தில் வேட்டையாடும் உரிமையைத் தாம் கைவிடவில்லை என்பதை 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை வழக்காடியே நிலைநாட்ட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பொதுவான மான் என்ற பேச்சிலும் இத்தகைய கணக்குகள் உள்ளன.

மருமகனின் அயல்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். காகித ஆலையொன்றில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து, ஆலை மூடப்பட்டதும் வீட்டோடு இருந்துவிட்டவர். அவருடைய வீட்டின் நிலவறையிலே, தடித்த மரமேசையொன்றில் நெம்புகோல் பூட்டிய அழுத்துபொறி ஒன்று முடுக்கப்பட்டிருந்தது. நாம் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்தவர் என்றறிந்ததும், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனிதர் என்று மதித்து, அவர் எம்மை அங்கே அழைத்துச் சென்றார்.

அங்கு கண்ட வேலைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். முன்னே சுடப்பட்ட கோதுகளை அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் ஒன்று தெரிந்தால், பித்தளை அவ்விடத்தில் மெலிந்துவிட்டது, அடுத்த வெடியில் பிளக்கும் என்பது பொருள். அக்கோதைக் குறட்டால் நசுக்கிக் கழிவுப் பெட்டியிற் போடுவார். தேறியவற்றுக்கு மசகு தடவி, எஃகு அச்சினுள் அழுத்துவார். வெடியில் விரிந்த கோது பழைய அளவுக்குத் திரும்பும். பழைய பிரைமரும் அதே அழுத்தத்தில் வெளியே விழும். பின்பு மசகைத் துடைத்து, நீண்டுபோன வாயைச் சீவி, புதிய பிரைமரைப் பதித்து, மருந்தை நிறுப்பார். அவர் தராசு கிரெயின் கணக்கில் நிறுப்பது. ஓர் இறாத்தலில் ஏழாயிரம் கிரெயின். அவர் கிரெயினிற் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுத்தார். அஃது ஆறரை மில்லிகிராம். ஈற்றிற் சன்னத்தை வாயில் வைத்து, கைப்பிடியை மெல்ல இறக்கி அமர்த்துவார். வானொலி பாடவில்லை, பேச்சும் இல்லை. மருந்து நிறுக்கும்போது யாரும் தம்மோடு பேசலாகாது என்பது அவருடைய கட்டளை. மருந்து இரு தடவை விழுந்துவிட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறலாம் என்பதை அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை.

முப்பத்தோராண்டு பிறருடைய பொறியை இயக்கிய ஒருவருக்கு இறுதியிற் சொந்தமாக வாய்த்த பொறி இது என்று எமக்குத் தோன்றிற்று. அந்த நிலவறையில் மேற்பார்வையாளர் இல்லை; மணியோசை இல்லை; செய்த வேலையின் நன்மை தீமை செய்தவருக்கே. உழைப்பில் மகிழ்ச்சி என்பதைப் பற்றி நாம் வகுப்பறையிற் பேசியதைவிட அவருடைய விரல்கள் தெளிவாகப் பேசின. ஆனால் இதனை மிகைப்படுத்தவும் கூடாது. பிரைமரும் மருந்தும் சன்னமும் தொழிற்சாலைகளிலிருந்தே வரவேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிரைமர் கடைகளில் கிடைக்காமற் போனபோது, நாடெங்கும் இவ்வாறான நிலவறைகள் சும்மா கிடந்தன.

இனிச் சன்னத்துக்கு வருவோம். கோதும் மருந்தும் சன்னத்தை மிருகம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவை. மிருகத்தின் உடலுள் நடப்பது முழுவதும் சன்னத்தின் வேலை. போர்வீரனின் சன்னம் முழுக்கவசம் பூண்டது. உடலைத் துளைத்து நேரே வெளியேறும். வேட்டைச் சன்னமோ உடலுட் சென்றதும் முனை விரிந்து காளான் போலாக வேண்டும். அவ்வாறு விரிந்தாற்றான் இருதயமும் நுரையீரலும் ஒரு நொடியிற் செயலிழக்கும். மான் நூறு யார் போவதற்குள் விழும். விரியாத சன்னம் பட்ட மான் இரண்டு நாள் ஓடி, எங்கோ ஒரு பற்றைக்குள் கிடந்து சாகும்.

இந்த விரியும் சன்னத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது நமது பக்கத்து நாட்டைத் தொட்டுச் செல்கின்றது. 1895இல் சித்திரால் மலைப்பகுதியிற் போர் செய்த பிரித்தானியப் படையினர், தங்கள் .303 துப்பாக்கியின் புதிய முழுக்கவசச் சன்னம் எதிரியைத் துளைத்துப் போகின்றதேயன்றி நிறுத்தவில்லை என்று முறையிட்டனர். கல்கத்தாவை அடுத்த தம்டம் ஆயுதசாலையின் தலைவராயிருந்த கப்டன் பேர்ட்டி கிளே, கவசத்தின் முனையை நீக்கி, ஈயம் வெளியே தெரியுமாறு ஒரு சன்னம் செய்தார். அதுவே பின்னர் உலகெங்கும் பெயர் பெற்ற தம்டம் சன்னம். 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் இவ்வகைச் சன்னத்தைப் போரில் விலக்கும் பிரகடனம் கொண்டுவரப்பட்டது. பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா அதனை எதிர்த்தார். நாகரிகமடைந்த நாட்டின் சிப்பாய் காயம்பட்டதும் போரை விட்டு ஒதுங்குவான், காட்டுமிராண்டியோ எத்தனை துளை பட்டாலும் முன்னேறி வருவான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஏகாதிபத்தியம் தன் மனத்தை இவ்வளவு வெளிப்படையாகத் திறந்து காட்டிய சந்தர்ப்பங்கள் குறைவு. பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அன்று ஒப்பவில்லை; பிரித்தானியா 1907இலேயே உடன்பட்டது. வேட்டைச் சட்டத்திலோ நிலைமை நேர்மாறு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் முழுக்கவசச் சன்னத்தால் மானைச் சுடுவது குற்றம். விரியும் சன்னமே வேண்டும். மனிதனுக்கு விலக்கப்பட்டது மானுக்கு விதிக்கப்பட்டமை முரண்பாடு போலத் தோன்றினும், மானை நெடுநேரம் வதைக்கலாகாது என்பதே இவ்விதியின் நோக்கம். ஆர்டாவின் நோக்கத்தை அவ்வாறு சொல்ல முடியாது.

பெரியவரின் றைபிள் .30-06 வகையைச் சேர்ந்தது. அந்தத் தோட்டாவை அமெரிக்க இராணுவம் 1906இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு 150, 165, 180 கிரெயின் நிறைகளில் வேட்டைச் சன்னங்கள் கிடைக்கின்றன. பழைய முறைச் சன்னம் எளிமையானது: செம்புக் கிண்ணத்துள் ஈயம், முனையில் சிறிது ஈயம் வெளியே. மலிவானது, நன்றாக விரிவது, ஆனால் விரியும்போது உடைவது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போன ஜோன் நொஸ்லர் என்பவர், சேறு காய்ந்த மிருகத்தின் தோளில் தமது சன்னங்கள் உள்ளே போகாமலே உடைந்ததைக் கண்டு, நடுவே செம்புச் சுவர் வைத்துப் பின்பாதி ஈயத்தைக் காக்கும் சன்னமொன்றை அமைத்தார். 1948இல் அதனைத் தொழிலாகத் தொடங்கினார். 1980களின் பிற்பகுதியில் பார்ன்ஸ் என்னும் நிறுவனம் ஈயமே இல்லாத, முழுதும் செம்பாலான சன்னத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் முனையில் ஒரு குழி. உடலுட் சென்றதும் அது இதழ்களாக விரிகின்றது. நிறையில் ஏறக்குறைய எதுவும் குறைவதில்லை.

இவை மூன்றுக்குமிடையே கம்பனிகள் நிரப்பியுள்ள வகைகளுக்கு எல்லையில்லை. பிளாஸ்திக் முனை, கறுப்புப் பூச்சு, பின்புறம் ஒடுங்கியது, ஒடுங்காதது என்று விலைப்பட்டியல் பாடப்புத்தகம் போற் தடித்திருக்கின்றது. ஐந்நூறு யாருக்கு அப்பாலுள்ள மிருகத்தைப் பற்றியே விளம்பரங்கள் பேசுகின்றன. விஸ்கொன்சின் காட்டிலோ மரங்களுக்கிடையே நூறு யார் தூரம் தெளிவாகத் தெரிந்தாலே அதிர்ஷ்டம். சுமார் எழுபது கிலோ நிறையுள்ள மானை அத்தூரத்தில் வீழ்த்த மேற்சொன்ன மூன்றில் எதுவும் போதும். எங்கே படுகின்றது என்பதே முக்கியம். பெரியவரும் இதையே சொன்னார். அவர் இருபது ஆண்டுகளாக 165 கிரெயின் பழைய முறைச் சன்னத்தையே நிரப்பிவந்தார். மாற்றுவதற்குக் காரணம் எதையும் அவர் காணவில்லை.

காரணம் மானின் பக்கத்தில் இல்லை. மானை உண்பவர் பக்கத்தில் இருந்தது. ஈயம் மலிவு, மென்மையானது, கனமானது. சன்னத்துக்கு இதனிலும் வாய்ப்பான உலோகம் இல்லை. ஆனால் உடலுக்கு இதனால் எவ்விதப் பயனும் இல்லை. குழந்தையின் வளரும் மூளைக்குத் தீங்கே உண்டு. குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் நிலைப்பாடு. 2014இல் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில், செலவைக் குறைக்கக் குடிநீரின் மூலத்தை மாற்றியபோது பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. பெரும்பான்மையோர் கறுப்பின மக்களாயும் பலர் வறியவராயும் இருந்த நகரம் அது. ஈயம் யார் வீட்டுக்குப் போவது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கின்றது.

150 கிரெயின் பழைய முறைச் சன்னம் ஒன்று மானின் உடலில் மூன்றில் ஒரு பங்கை இழந்தால், மூன்று கிராமுக்கு மேற்பட்ட ஈயமும் செம்பும் இறைச்சிக்குள் எங்கோ கிடக்கின்றன என்பது பொருள். காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்றே தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர் நம்பிவந்தனர். 2008ஆம் ஆண்டில் வட டக்கோட்டா மாநிலத்தில் ஒரு வைத்தியர், ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்கு வேட்டைக்காரர் நன்கொடையாகக் கொடுத்த மானிறைச்சிப் பொதிகளை எடுத்துக் கதிர்ப்படம் பிடித்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட பொதிகளில் உலோகத் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. மாநிலச் சுகாதாரத் துறை அவ்விறைச்சியை வழங்குவதை நிறுத்துமாறு கூறிற்று. அதே ஆண்டு மினசோட்டா மாநில இயற்கை வளத் துறையினர் செம்மறியாட்டு உடல்களைச் சுட்டுச் சோதித்தனர். விரைந்து விரியும் ஈயச் சன்னங்களால் ஓர் உடலில் சராசரி 141 துகள்கள்; செம்புச் சன்னத்தால் இரண்டு. காயத்திலிருந்து பதினான்கு அங்குலம் வரை துகள்கள் போயிருந்தன. நீர் விட்டுக் கழுவினால் ஈயம் நீங்குவதற்குப் பதிலாக மற்றப் பகுதிகளுக்கும் பரவிற்று. துகள்களிற் பல கண்ணுக்குத் தெரியாதவை, பல்லிற் கடிபடாதவை.

இதனால் மக்கள் மாண்டுபோயினர் என்று நாம் கூற வரவில்லை. வட டக்கோட்டாவில் எழுநூறுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் சோதித்தனர். வேட்டையிறைச்சி உண்போரின் இரத்தத்தில் ஈயம், உண்ணாதோருடையதைவிட ஒரு டெசிலீற்றருக்கு 0.30 மைக்கிரோகிராம் சராசரியிற் கூடியிருந்தது. அன்று எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்பட்ட பத்து மைக்கிரோகிராமை எவரும் எட்டவில்லை. வேட்டைச் சங்கத்தார் இதனைப் பெரிதாகப் பேசினர். ஆனால் குழந்தைகளுக்கு அந்த அளவு பின்னர் ஐந்தாகவும், 2021இல் மூன்றரையாகவும் குறைக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈயச் சன்னத்தால் சுடப்பட்ட மானிறைச்சியை உண்ணலாகாது என்று அவ்விரு மாநிலங்களும் அறிவுரை கூறின.

முதலாம் ஆண்டு வேட்டை முடிந்த மறுவாரம், பெரியவர் வெள்ளைத் தாளிற் சுற்றிய அரைத்த இறைச்சி எட்டுப் பொதிகளைக் கொண்டுவந்து மருமகன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மானிலிருந்து சுமார் ஐம்பது இறாத்தல் இறைச்சி கிடைக்கும். அதில் எட்டு இறாத்தலை அயலவருக்குக் கொடுத்தல் சிறிய அன்பன்று. தேனில் ஊறிய மான் வற்றலைப் பற்றி வன்னியிற் கேட்டு வளர்ந்த எமக்கு அப்பொதிகள் ஆசையூட்டின. ஆனால் மருமகனின் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மேற்சொன்ன அறிவுரையை அவள் மகப்பேற்று நிலையத்துத் துண்டுப் பிரசுரத்திற் படித்திருந்தாள்.

“மாமா, திருப்பிக் குடுக்கேலாது. அந்த மனுசன்ர மனம் நொந்துபோகும்,” என்றான் மருமகன்.

“குப்பையில போடவும் மனம் வருகுதில்லை,” என்றாள் அவள். “அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்.”

வாங்கி வைத்துக்கொண்டு வாய்மூடியிருப்பதே நாகரிகம் என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. கொடுப்பவரின் அன்பை மதிப்பதாகச் சொல்லி அவருடைய அறிவை மதியாமல் விடுவது உண்மையான மரியாதையாகாது. மருமகன் அன்று மாலையே போய், இருப்பதை இருந்தபடி சொன்னான். நாமும் உடன் போயிருந்தோம்.

பெரியவர் முதலிற் கோபித்தார். இது நகரத்தார் கட்டிய கதை என்றார். தாமும் தம் தந்தையும் பிள்ளைகளும் இதையே தின்று வளர்ந்தோம் என்றார். முதலிற் சன்னத்தைப் பறிப்பர், பிறகு துப்பாக்கியைப் பறிப்பர் என்றார். இந்த ஐயம் அங்கே பரவலானது. அதற்குப் பின்னாற் பெருங் கம்பனிகளின் பிரசாரமும் உண்டு. எனினும் அதனை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. ஆலை மூடப்பட்டபோது எட்டிப் பார்க்காத அரசாங்கம், அவருடைய தோட்டாப் பெட்டியை மட்டும் எட்டிப் பார்க்க வருகின்றது என்று அவருக்குத் தோன்றியது. கலிபோர்ணியாவில் ஈயச் சன்னத்தை வேட்டையிலிருந்து முற்றாக விலக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு 2019 யூலை முதலாந் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பெருந்துணையாயிருந்தது கொண்டோர் என்னும் மாபெரும் பிணந்தின்னிக் கழுகின் கதை. 1982இல் உலகிலேயே இருபத்திரண்டாக அருகி, கூண்டில் வளர்த்து மீண்டும் பறக்கவிடப்பட்ட அப்பறவைகள், வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடல்களிலிருந்த ஈயத்தை உண்டு மாண்டன. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முப்பத்தெட்டு மாநிலங்களிற் சோதித்த கழுகுகளிற் பாதிக்குச் சற்றுக் குறைந்தவை நாட்பட்ட ஈய நஞ்சேற்றத்துக்கு உள்ளானவை எனக் கண்டது. ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாளான 2017 ஜனவரி 19ஆந் திகதி, தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நீக்கும் கட்டளை பிறந்தது. ஆறு வாரத்தில் அடுத்த ஆட்சி அதனை இரத்துச் செய்தது. நாம் இவற்றையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னபோது, பறவைகளின் மேல் உள்ள இரக்கம் மனிதர் மேல் இல்லை என்றார். அந்த வாக்கியத்துக்கு எம்மிடம் உடனடி மறுமொழி இருக்கவில்லை.

அவரைத் தொட்டது கழுகன்று, உணவு நிலையமே. ஆலை மூடப்பட்ட குளிர்காலத்தில் அவரும் மனைவியாரும் பேரப்பிள்ளையும் நான்கு மாதம் அந்நிலையத்துப் பெட்டிகளைக் கொண்டே காலந் தள்ளினர். அந்தக் கடனைத் தீர்ப்பதாக எண்ணியே ஆண்டுதோறும் ஒரு மானை அதற்குக் கொடுத்துவந்தார். வேட்டைக்காரன் தான் தின்பது என்ன சன்னத்தால் விழுந்தது என்பதை அறிவான், வேண்டுமானால் மாற்றிக்கொள்வான். நிலையத்தின் வரிசையில் நிற்கும் தாய்க்கு எந்தச் சன்னம் என்று கேட்கும் இடமில்லை. இறைச்சி கிடைத்ததே என்றுதான் இருப்பாள். மருமகள் இதனைச் சொன்னபோது அவர் பேசாமலிருந்தார். எட்டுப் பொதிகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு நாம் போனபோது அவருடைய மேசையில் 150 கிரெயின் செம்புச் சன்னங்கள் ஐம்பது கொண்ட பெட்டி இருந்தது. பழையதைவிட விலை ஏறத்தாழ இருமடங்கு. விலை கூடியது என்ற முறைப்பாடு சன்னத்தைப் பொறுத்தமட்டில் முழுதும் சரியன்று: ஒருவர் ஒரு பருவத்தில் மானை நோக்கிச் சுடுவது இரண்டு மூன்று வெடிதான். ஆனால் புதிய சன்னத்தை றைபிளுக்குப் பழக்குவதற்கே இருபது முப்பது செலவாகின்றது. ஓய்வூதியக்காரருக்கு அது கணக்கிற் படும். அதைவிட அவருக்குச் சினமூட்டியது பழைய குறிப்பேடு பயனற்றுப் போனமை. ஈயத்தின் அடர்த்தி பதினொன்றுக்கு மேல். செம்பினது ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரே நிறைக்குச் செம்புச் சன்னம் நீளமாகின்றது, கோதினுள் மருந்தின் இடத்தைப் பிடிக்கின்றது, அமுக்கம் கூடுகின்றது. ஈயத்துக்குரிய மருந்தளவை அப்படியே செம்புக்கு இடலாகாது. உற்பத்தியாளரின் கைநூலைப் பார்த்து, உச்ச அளவுக்குப் பத்திலொரு பங்கு கீழே தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றிப் பார்க்க வேண்டும். சன்னத்தைக் குழலின் வரிகளிலிருந்து முன்னையிலும் சற்றுத் தள்ளி அமர்த்த வேண்டும். 165இலிருந்து 150க்கு இறங்கியதும் இதனாலேதான்: இழக்காத நிறைக்கு மேலதிக நிறை தேவையில்லை, இலேசானது விரைந்து செல்லும், செம்பு விரிவதற்கு அவ்வேகம் வேண்டும். நான்கு சனிக்கிழமைகள் அவர் சுடுகளத்துக்குப் போய்வந்தார். நான்காவது முறை, நூறு யாரில் மூன்று துளைகள் ஒரு ரூபாய்க் குற்றியால் மூடத்தக்க அளவில் நெருங்கியிருந்த தாளை எம்மிடம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மிஞ்சியிருந்த ஈயச் சன்னங்களை அவர் எறியவில்லை. கொடுப்பதற்குரிய மானுக்குச் செம்பு, தமது உறைபெட்டிக்குரிய மானுக்கு ஈயம் என்று பிரித்துக்கொண்டார். தமக்கு எழுபத்திரண்டு வயது, இனி ஈயம் என்ன செய்துவிடும் என்பது அவர் கேள்வி. பேரப்பிள்ளை வரும் நாட்களில் மாட்டிறைச்சிதான் என்றார்.

அவ்வாண்டு அவர் வீழ்த்திய முதலாவது மானை, நன்கொடைகளை ஏற்கும் இறைச்சிக் கடைக்கு லொறியில் ஏற்றிச் சென்றபோது நாமும் கூடப் போனோம். அது செம்பினால் விழுந்த மான், இதனைத் தனியாக அரைக்க வேண்டும் என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் நல்ல மனிதர். பின்புறம் தொங்கிக்கொண்டிருந்த முப்பது நாற்பது உடல்களைக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோகும் மான்களைக் கூலி வாங்கித் தனித்தனியே வெட்டலாம், நிலையத்துக்குப் போவனவெல்லாம் ஒரே பொறியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விழும், பொறியை இடையிடையே கழற்றிக் கழுவ ஆளுமில்லை, அதற்குத் தருகின்ற பணமுமில்லை என்றார். பெரியவர் சிறிது நேரம் அந்த அரைக்கும் பொறியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு மானை அங்கேயே இறக்கிவிட்டு வந்தார்.

தாம் நிரப்பிய தோட்டாவைப் பிறர் துப்பாக்கிக்குக் கொடுக்கலாகாது என்பது இத்தொழிலில் கண்டிப்பான விதி. ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றை உடைக்கும். ஆகவே அவர் தமது வேட்டைக் கூட்டாளிகளிடம் தோட்டாவைக் கொடுக்கவில்லை. வெறுங்கோதுகளையும் றைபிளையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு வருமாறு அழைத்தார். ஐவரில் இருவர் வந்தனர். ஒருவரிடம் இருந்தது பாட்டனார் காலத்து .30-30. அதன் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின்னொன்றாக நிற்பவை. கூர்முனைச் சன்னம் முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரில் முட்டினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அதற்குத் தட்டை முனைச் செம்புச் சன்னம் வேண்டும். பக்கத்து ஊர்க் கடைகள் எதிலும் அது இல்லை. நாம் ஊருக்குப் புறப்பட்ட வாரத்தில், அறுபது மைல் தூரத்திலுள்ள ஒரு கடையில் ஒரு பெட்டி இருப்பதாகச் செய்தி வந்து, மூவரும் ஒரு லொறியில் அதனை வாங்கப் போயிருந்தனர்.